அப்பா பெயரில் ஒரு கல்

என் அப்பா பெயரில் வானத்தில் ஒரு கல் இருக்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் கணக்கில்லாமல் கிடக்கும் குறுங்கோள்களில் ஒன்று. யாரிடமாவது இதைச் சொன்னால் போதும், "அடேயப்பா, எவ்வளவு பெரிய கௌரவம்!" என்று வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் சொல்வதையே விட்டுவிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தாலும் அப்பாவின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அந்தக் கல்லைத் தேடிப் பிடித்து, அதற்குக் கீழே அச்சடித்திருக்கும் இரண்டு வரியைப் படிப்பீர்கள். அந்த இரண்டு வரியை இனி ஒருவர்கூடப் படிக்கக் கூடாது என்பது என் ஆசை.

எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். காகிதத்தில் எங்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அப்பா, அம்மா, நான் மூன்று பேருமே தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். பார்த்தே இராத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும் என்று யாரும் கேட்கவில்லை. மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் கிடந்தோம். மலையில் இருந்த ஆட்கள்தானே, மலைக்கே போகட்டும் என்று எந்த அதிகாரி நினைத்தாரோ, பழனி மலைக்கு வந்து சேர்ந்தோம். வடகவுஞ்சிக்குப் போகும் பாதையில் எங்களைப் போன்ற குடும்பங்கள் வரிசையாகக் குடிசை போட்டிருந்தன. அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நாங்கள் 'சிலோன்காரங்க'. எங்காவது ஒரு கோழி காணாமல் போனாலும் முதலில் எங்கள் அடுப்படியில்தான் வந்து தேடுவார்கள்.

அம்மா பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போனாள். அப்பா பாறை உடைத்தார். தோட்டத்தில் ரோடு போட்ட காலத்திலேயே அந்த வேலை அவருக்குக் கைவந்திருந்தது. உளியும் சம்மட்டியும் கொண்டு பாறையில் குழி போடுவதைத் தமர் அடிப்பது என்பார்கள். அந்தக் குழிக்குள் வெடிமருந்தைக் கிட்டித்து, திரி வைத்து, கொளுத்திவிட்டு ஓடி ஒளிய வேண்டும். அப்பா முன்கோபி. குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டு நகரும். பிறகு அவரே உப்பு டப்பாவை எடுத்து வந்து போட்டுக்கொண்டு சாப்பிடுவார். இருட்டுவதற்கு முன்பே படுத்துவிடுவார். படுத்த மறுநிமிடம் குறட்டை.

கொடைக்கானல் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் பங்களா கட்டிக் குடியிருந்த ஒரு பெரிய மனிதரிடம் அவருக்குக் கடைசியாக வேலை கிடைத்தது. மெட்ராஸில் பெரிய இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். நம்மவர்தான், வெள்ளைக்காரர் இல்லை. ஆனால் பங்களாவில் இருக்கிற யாரையும் துரை என்று கூப்பிட்டே வாழ்ந்த எங்கள் ஆட்கள் அவரையும் துரை ஆக்கிவிட்டார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

துரைக்கு நட்சத்திரப் பைத்தியம். வெளிநாட்டிலிருந்து பெரிய தொலைநோக்கி ஒன்றை வரவழைத்திருந்தார். பங்களாவுக்குப் பின்னால் இருந்த பாறையை மட்டம் தட்டி, அதன்மேல் வட்டமாக ஓர் அறை கட்டி, கூரை திறந்து மூடுகிற மாதிரி அமைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். எண்பதாம் வருடம் வந்த பெரிய சூரிய கிரகணத்துக்குள் அறை முடிந்தாக வேண்டும், மெட்ராஸிலிருந்து சிநேகிதர்கள் வருகிறார்கள் என்று மேஸ்திரியை விரட்டிக்கொண்டே இருந்தார். மேஸ்திரி அப்பாவை விரட்டினார். பல மாதங்கள் அப்பா அந்தப் பாறையோடு மல்லுக்கட்டினார்.

ஒருநாள் வைத்த வேட்டுகளில் ஒன்று வெடிக்கவில்லை. வெடிக்காத குழியைத் தொடவே கூடாது, தள்ளி வேறு குழி அடித்து வைக்க வேண்டும் என்பது அந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். இன்ஜினியராக இருந்த துரைக்குத் தெரியாமலா இருக்கும்? வேறு குழி அடித்தால் இன்னும் நாளாகும். "அதையே தோண்டி எடுத்துட்டுத் திரும்ப மருந்தப் போடு" என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி. துரை வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அப்பா தோண்டினார். அது வெடித்தது.

நான் அப்போது திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். தகவல் வந்து, பஸ் பிடித்து மலையேறுவதற்குள் புதைத்துவிட்டார்கள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பார்க்கிற மாதிரி இல்லை, விடு என்றார்கள். அதைவிட, போலீஸ் வந்தபோது நடந்ததை அம்மா சொன்னதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடாமல் செய்கிறது.

பங்களா வராந்தாவில் விசாரணை. மேஸ்திரி சொன்னார்: "இந்தாளு வெறகு பொறுக்க வந்தவருங்க. வேட்டு வச்சிருக்கிறது தெரியாம உள்ள நொழஞ்சிட்டாரு." கூட வேலை செய்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் அதே மேஸ்திரியிடம்தானே வேலைக்குப் போக வேண்டும். போலீஸ்காரர் துரையிடம் கேட்டார். துரை சொன்னார்: "மேஸ்திரிதான் ஆள் கூட்டிண்டு வரார். இவர் யாருன்னு எனக்குத் தெரியாது. பேர்கூடத் தெரியாது."

பேர்கூடத் தெரியாது! தினமும் காலையில் அப்பா அவருக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் பாறைக்குப் போவார். போலீஸ்காரர் அம்மா பக்கம் திரும்பி, "ஒம் புருசன் பேரு என்னம்மா?" என்றிருக்கிறார். அம்மா வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பியவள். ரேஷன் கடையில் கேட்டால்கூட, அதே பெயருள்ள ஒருவர் எங்கள் குடிசை வரிசையில் இருந்தார், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், அவரைக் காட்டி "அந்தா, அவரு பேருதாங்க" என்பாள். செத்துக் கிடக்கிறவருக்குக் குறைய இனி என்ன ஆயுசு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் பெயரைச் சொன்னாள். ஆக, வராந்தாவில் நின்ற துரையின் காதில் அன்றைக்கே அப்பாவின் பெயர் விழுந்தாயிற்று.

விறகு பொறுக்க வந்தவர் என்றே முடித்துவிட்டார்கள். பட்டா நிலத்தில் விறகு பொறுக்கினால் திருட்டு. பூண்டுக் காட்டில் களை எடுக்கிறபோது யாருக்காவது அம்மாமேல் கோபம் வந்தால், "வெறகு திருடப் போயிச் செத்தவன் பொண்டாட்டிக்கு வாயப் பாரு" என்பார்கள். அம்மா அதற்குப் பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து அழுவாள். நாங்கள் காசு கேட்டு யார் வாசலிலும் நிற்கவில்லை. அவர் வேலை செய்யும்போது செத்தார், திருடப் போகவில்லை என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இரண்டு வருடம் போனது. நான் மலையிலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டேன். ஒருநாள் துரையின் டிரைவர் வந்து, ஐயா அம்மாவையும் மகளையும் வரச் சொன்னார் என்றார். அம்மா இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். மனசு மாறிவிட்டார், சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

துரை எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. அவர் முகம் வாடித்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். "தினம் நினைச்சுக்கறேம்மா" என்றார். பிறகு வானத்துக்குப் போய்விட்டார். வெளிநாட்டில் அவருக்கு ஒரு சிநேகிதராம். இரவில் வானத்தைப் படம் பிடித்துப் பிடித்து, இதுவரை யாரும் பார்க்காத குறுங்கோள்களைக் கண்டுபிடிக்கிறவராம். புதிதாக ஒன்று தென்பட்டால் முதலில் அதற்குப் பெயர் கிடையாது, கண்ட வருடமும் இரண்டு எழுத்தும் சேர்த்து ஓர் அடையாளம் மட்டும். பல வருடம் விடாமல் கவனித்து, அது போகிற பாதை உறுதியானால்தான் நிரந்தர எண். எண் வந்த பிறகு கண்டுபிடித்தவர் ஒரு பெயர் வைக்கலாம். கவனிக்காமல் விட்டால் தொலைந்துபோகும். அந்த சிநேகிதர் தன் கல் ஒன்றுக்கு நீயே ஒரு பெயர் சொல் என்று துரைக்கு எழுதியிருக்கிறார்.

"என் மனசுல மொதல்ல வந்தது இந்தம்மாவோட வீட்டுக்காரர்தான்" என்றார் துரை. "அவர் பேரை வெச்சிடலாம்னு இருக்கேன். சாஸ்வதமா இருக்கும். பேரைச் சரியாச் சொல்லுங்கோ."

பாறை வெடித்துச் செத்தவருக்குப் பரிசாக இன்னொரு பாறை. "பேர்கூடத் தெரியாதுன்னு போலீஸ்ல சொன்னீங்களே சார்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அப்போ இருந்த நெலமை" என்றார்.

"சரி சார். பேரு சொல்றேன். அதுல எப்படிச் செத்தாருன்னும் எழுதுங்க. உங்க பாறையில வேட்டு வைக்கையில செத்தாருன்னு."

"அதுல அதெல்லாம் போடற வழக்கம் இல்லம்மா. ரெண்டு வரிதான் எழுதுவா. நல்ல விஷயமா எழுதணும்."

"அப்ப பேரு கிடையாது" என்று சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் சண்டை. அம்மாவின் கணக்கு வேறாக இருந்தது. "ஏன் புள்ள, வெறகு திருடன்னு நாலு பேரு சொல்றாக. திருடன் பேரயா வானத்துல வைப்பாக? இந்தா பாரு, வானத்துல இருக்குதுன்னு சொன்னா அவுக வாய அடச்சிரலாம்ல?" என்றாள். அந்த ஆள் நம்மை ஏமாற்றுகிறார் என்றேன். "ஒனக்குப் படிச்ச திமிரு" என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

பள்ளிக்கூடம் நடக்கிற ஒருநாளாகப் பார்த்து, எனக்குத் தெரியாமல் அம்மா பங்களாவுக்குப் போனாள். தனியாகப் போனால் பெயர் சொல்ல வேண்டுமே, அதனால் லாரியில் மூட்டை ஏற்றுகிறவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் துரை முன்னால் நின்று தன் பெயரைச் சொன்னார். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. "இவரு பேருதாங்க அவுக பேரும்" என்று அம்மா விளக்கியதும் எழுதிக்கொண்டார். "பாறையில வேல செய்யையில செத்தாருன்னு எழுதுவீகளா தொரை?" என்று கேட்டிருக்கிறாள். "நல்லபடியா எழுதறேம்மா" என்றிருக்கிறார். அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். மூட்டைக்காரருக்குப் பங்களாவில் தேத்தண்ணியும் கேக்கும் கிடைத்தன. அதற்குப் பிறகு அவர் ஒட்டன்சத்திரம் கமிஷன் கடைகளிலெல்லாம், "மேல வானத்துல எம் பேருல ஒரு கல்லு கெடக்குதப்பா, தெரியுமா ஒனக்கு?" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். விலை பேசுகிற நேரத்தில் வியாபாரிகள் அவரை "வாங்க நட்சத்திரம்" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். அவரிடம் மட்டும்தான் எனக்குக் கோபம் வரவில்லை.

இந்தப் பெயர் வைக்கிற விஷயத்தைப் பற்றி அப்புறம் நான் நிறையப் படித்தேன். கோபத்தில் படித்ததால் ஒன்றும் மறக்கவில்லை. முதலில் கிடைத்த கற்களுக்கு கிரேக்க, ரோமானியத் தெய்வங்களின் பெயர்களை வைத்தார்கள். தெய்வங்கள் தீர்ந்துபோனதும் பெண்டாட்டி பெயர், மகள் பெயர், சொந்த ஊர் பெயர் என்று இறங்கினார்கள். ஒருவர் தன் பூனையின் பெயரையே வைத்திருக்கிறார். அரசியல்வாதியோ படைத்தலைவரோ என்றால் மட்டும் செத்து நூறு வருடம் ஆக வேண்டும் என்று ஒரு விதி. அவர்கள் செய்த நல்லது கெட்டது தெளிய அவ்வளவு காலம் பிடிக்குமாம். கூலிக்காரனுக்கு அந்தச் சிரமம் கிடையாது, இரண்டே வருடத்தில் எல்லாம் தெளிந்துவிடுகிறது. ஒரு கல்லின் பாதை கொஞ்சம் பிசகினாலும் எண் கொடுக்க மாட்டார்களாம். அவ்வளவு கறாராகக் கல்லை விசாரிக்கிறவர்கள், அதன்மேல் ஒட்டுகிற மனிதனைப் பற்றி, சொல்கிறவர் சொன்னதை அப்படியே அச்சடித்துவிடுகிறார்கள்.

அது அச்சாகி வர இன்னும் நெடுநாள் ஆனது. டிரைவர் ஒரு கவரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து கொடுத்தார். ஆங்கிலத்தில் பொடி எழுத்து. துரை அழகாகக் கோடு போட்டு அனுப்பியிருந்தார். எண், அப்பாவின் பெயர், அதற்குக் கீழே இரண்டு வரி: இப்பெயரைப் பரிந்துரைத்தவரின் மலை வீட்டில் விசுவாசமாகப் பணிபுரிந்தவரின் நினைவாக; இரவு வானத்தை மிகவும் நேசித்தவர்.

வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மேட்டில் தொலைநோக்கி அறை எழுந்ததே அப்பா செத்த பிறகுதான். ஒருநாளும் அவர் அதன் வழியாக எதையும் பார்த்ததில்லை. அவர் நேசித்த இரவு என்பது பாயும் கம்பளியும்தான். விசுவாசமாகப் பணிபுரிந்தவராம்! ஊர் போலீஸிடம் பெயர்கூடத் தெரியாத ஆள், வெளிநாட்டுக்காரன் படிக்கிற புத்தகத்தில் வீட்டு வேலைக்காரர் ஆகிவிட்டார். அப்படியானால் வேலை செய்தார் என்று ஒப்புக்கொண்டாயிற்றே என்று அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கே போனேன். அங்கே இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வானத்துல இருக்கிறதெல்லாம் நம்ம லிமிட்ல வராதும்மா" என்று சிரித்தார்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "எப்பிடிச் செத்தாருன்னு எழுதிருக்கா?" என்றாள். இல்லை என்றேன். "பாறையப் பத்தி?" இல்லை. "வேற என்னதான் எழுதிருக்கு?" மறுபடி வாசித்தேன். வானத்தை நேசித்தவர் என்ற இடத்தில் அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இது யாரப் பத்தி புள்ள எழுதிருக்கு?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பிப் போனோம். இந்த முறை அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். துரை தோட்டத்தில் டிரைவரோடு நின்று ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாக, "வந்துதாம்மா?" என்றார்.

"அந்தப் பேர எடுத்துருங்க தொரை" என்றாள் அம்மா.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்: "வெச்ச பேரை எடுக்க முடியாதும்மா. உலகம் பூரா பதிவாயிடுத்து. நானே நெனச்சாலும் முடியாது. நாமெல்லாம் போனப்புறமும் அது இருக்கும்." அது அம்மாவுக்கு ஆறுதல் என்று நிஜமாகவே நம்பினார். அவர் முகத்தில் அது தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

"அன்னைக்கு அவுக பேரே தெரியாதுன்னீக" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கு அவுக பேரத் திருப்பித் தர முடியாதுங்கிறீக. அவுக என்ன ஒங்க வீட்டுச் சாமானா தொரை?"

டிரைவர் ரோஜாச் செடிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். போகலாம் வா என்று நான் இழுத்தேன். அம்மா நகரவில்லை. பிறகு, நான் அதுவரை அவளிடம் கேட்டிராத ஒரு தணிந்த குரலில் கேட்டாள்.

"சரி, அது கெடக்கட்டும். போலீசுல சொல்ல வேணாம், பொஸ்தகத்துல எழுத வேணாம். எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. எம் பாறையில வேல செய்யையிலதான் ஒம் புருசன் செத்தாரு, திருட வரலன்னு. நான் கேட்டுக்கிட்டுப் போயிர்றேன்."

துரை அம்மாவைப் பார்த்தார். டிரைவர் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். வாய் திறந்தது, உதடு அசைந்தது.

"மேகம் கூடிண்டு வரது" என்றார். "மழைக்கு முன்னாடி பாத்து வீட்டுக்குப் போங்கோம்மா."